பட்டியில் அடைக்கப்பட்ட வாள்

டன்ஹேவன் நகரத்தார் கேப்டன் ஜேபெஸ் வாட்லோவுக்குப் பரிசளித்த வாள், பரிசளித்த மறுநாள், அதாவது ஆயிரத்து எண்ணூற்றுப் பதினைந்தாம் ஆண்டு ஜூலை ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்குச் சற்று முன்பாக, அவர் வீட்டு முன்கதவு வழியாக வெளியே வந்தது. முழங்கால் உயரத்தில் மிதந்தபடி துறைமுகத் தெருவின் இடது ஓரமாகவே போய், கயிற்றுக்காரர் சந்தில் நான்காவது வீட்டு வாசலில் இருந்த ஆணியில் தொங்கிக்கொண்டது. அன்று தென்மேற்குக் காற்று. மீன் படகுகள் இரண்டு கரைக்கு வந்திருந்தன. காட் மீன் மலிவு. வாள் வழியில் யாரையும் இடிக்கவில்லை. ரொட்டிக்காரரின் நாய் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே போய் முகர்ந்து பார்த்துவிட்டு, தின்பதற்கில்லை என்று தெரிந்து திரும்பிவிட்டது.

அந்த நான்காவது வீடு கெசாயா லாட்டிமருடையது. ஊரில் பாதி வீடுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுப்பவர். அவருடைய கணவர் ப்ரைமஸ் லாட்டிமர், அடிமையாகப் பிறந்து முப்பதாவது வயதில் விடுதலை பெற்றவர், கேப்டன் வாட்லோ வீட்டில் சமையல்காரராக இருந்தவர். அமெரிக்காவுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் நடந்துகொண்டிருந்த முந்தைய ஆண்டு அக்டோபரில் ஆங்கிலேயரின் படகுகள் இரண்டு மூடுபனியில் எங்கள் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது, கேப்டன் ‘பொறுமை’ என்ற தம் சிறிய கப்பலில் ஆறு பீரங்கிகளோடு போய் எதிர்த்தார். ஒரு மணி நேரச் சண்டை. படகுகள் ஓடிவிட்டன. எங்கள் பக்கம் ஏழு பேர் இறந்தார்கள் என்று ஊர் சொன்னது. அந்த ஏழு பேரில் ஒருவர் என் கணவர், கப்பல் பாய் தைக்கும் எல்னாதன் ஃபிட்ச். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். கெசாயா மட்டும் இறந்தவர்கள் எட்டுப் பேர் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ப்ரைமஸின் உடலைக் கப்பலிலிருந்து அவர்தான் இறக்கிப் போய்ப் புதைத்திருந்தார், ஆகவே அவர் எண்ணிக்கையில் தவறு இருக்க வழியில்லை. ஆனால் கப்பலின் ஆள்பட்டியலில் ப்ரைமஸின் பெயர் இல்லை. சண்டை நாளன்று காலையில் கேப்டன் தம் சமையலறையிலிருந்து அவரை அப்படியே கூட்டிக்கொண்டு போயிருந்தார். பட்டியல் அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டிருந்தது. பட்டியலில் இல்லாத ஒருவர் எப்படிச் சாக முடியும் என்று ஊர் எழுத்தர் கேட்டார்.

போர் முடிந்த அந்த வருடத்தில் தன் வீரர் ஒருவருக்கு வாள் பரிசு கொடுக்காத ஊர் தலைநிமிர்ந்து நடக்க முடியாமல் இருந்தது. பக்கத்து ஊரான ஆஷ்கம், ஆங்கிலேயக் கப்பல் ஒன்று தானாகவே பாறையில் மோதியபோது கரையில் நின்றுகொண்டிருந்த ஒருவருக்கு வெள்ளிக் கூஜா கொடுத்துவிட்டது. இதைக் கேட்டு டன்ஹேவன் பொறுக்கவில்லை. கமிட்டி அமைத்தார்கள். அந்தக் கமிட்டிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி, வாளின் நீளத்துக்கு ஒரு கமிட்டி, விருந்தில் ரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கமிட்டி. கைப்பிடிக்கும் உறைப்பூணுக்கும் வேண்டிய வெள்ளிக்காக வீடு வீடாகப் பழைய கரண்டிகளைக் கேட்டு வாங்கி ஹார்ட்ஃபோர்டு நகரத்துத் தட்டானிடம் அனுப்பினார்கள். கெசாயாவும் ஒரு கரண்டி கொடுத்தார். கரண்டியை வாங்கிக்கொண்டார்கள், பெயரை வாங்கிக்கொள்ளவில்லை. வாள் வந்து சேர்ந்தபோது அலகு நீலமாகவும் பொன் பூச்சோடும் மிக அழகாக இருந்தது. கைப்பிடியின் உச்சியில் கழுகின் தலை வேண்டும் என்று எழுதியிருந்தோம். தட்டான் கழுகைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. வீட்டில் வளர்க்கும் எதையோ பார்த்துச் செய்திருந்தார்.

வாள் கொடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. கொடுப்பவர் பெறுபவரை வானளாவப் புகழவேண்டும். பெறுபவர் அதையெல்லாம் மறுத்து, நான் என் கடமையைத்தான் செய்தேன், பெருமை எனக்குரியதல்ல என்று கூசவேண்டும். இரண்டு பேச்சையும் வக்கீல் அசாகெல் ப்ரூயிட்தான் எழுதினார், ஆகவே புகழ்ச்சியும் கூச்சமும் ஒன்றுக்கொன்று மிகப் பொருத்தமாக அமைந்தன. நாட்டின் சுதந்திர நாளான ஜூலை நான்காம் தேதி, ஜெபக்கூடத்து முற்றத்தில், கேப்டன் வாளைக் கையில் வாங்கிக்கொண்டு வாசித்தார்: “அன்பர்களே, இந்த வாள் என்னுடையதன்று. என் கப்பலில் நின்றவர்களிலேயே எளியவன் எவனோ, அவனுக்கே இது உரியது. அவன் வாசலில் தொங்குவதே இதற்கு அழகு.” பெண்கள் அழுதோம். ஆண்கள் தொப்பியை மேலே எறிந்தார்கள். பிறகு மாநிலத்துக்கு ஒன்றாகப் பதினெட்டு முறை கோப்பை உயர்த்திக் குடித்தார்கள். இறந்த ஏழு பேர் நினைவாக ஒருமுறை எழுந்து நின்று பேசாமல் குடித்தார்கள். இந்த மாதிரிப் பேச்சை எங்கள் நாட்டில் அந்த ஆண்டு மட்டும் நூறு பேராவது பேசியிருப்பார்கள். அதை ஒரு வாள் காது கொடுத்துக் கேட்கும் என்று எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

வாளை மீட்டு வர ஓபெட் டிங்கமை அனுப்பினார்கள். புதிதாகக் கல்யாணமானவரை ஊர்ப் பன்றிக் காவலராகத் தேர்ந்தெடுத்துக் கேலி செய்வது எங்கள் வழக்கம்; அந்த வருடம் அது ஓபெட்டின் முறை. அவர் எதையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளத் தெரியாதவர். கையில் பன்றிக் கயிற்றோடுதான் போனார்.

“கெசாயாம்மா, இது எப்படி இங்க வந்துச்சு?”

“நடந்து வந்துச்சு தம்பி. நான் ஒண்ணும் கூப்பிடல.”

“திருடிட்டீங்கன்னு சொல்லுவாங்களே.”

“தெருவே வாசல்ல நின்னு பாத்துச்சு. பத்துப் பேரு தொப்பியக் கழட்டினாங்க. திருட்டுப் போறதப் பாத்து எவனாவது தொப்பியக் கழட்டுவானா? எடுத்துட்டுப் போ. ஆணி மட்டும் என்னோடது, அது இருக்கட்டும்.”

எடுத்துப் போனார். மறுநாள் காலை வாள் திரும்ப வந்தது. கதவைப் பிளந்துகொண்டு போகும் முரட்டு வாள் அல்ல அது. யாராவது கதவைத் திறக்கும்வரை காத்திருந்து, திறந்ததும் ஒதுங்கி வழிவிட்டு, பிறகே போகும். கேப்டன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அது பெட்டிக்குள் கிலுகிலுவென்று ஆடிக்கொண்டே இருந்ததில் நான்கு நாள் தூக்கம் கெட்டு, அவர் மனைவி தானே பெட்டியைத் திறந்துவிட்டார்.

ஊர்க் கூட்டம் கூடியது. நான்கு மணி நேரம் பேசினார்கள். வாள் நகரவில்லை என்று ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டு, வாக்கெடுப்பில் வெற்றியும் பெற்றது. அது நிறைவேறிக்கொண்டிருந்தபோதே வாள் சன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. வாள் வெளியே திரிவதற்கு எங்களிடம் சட்டம் இல்லை. ஆனால், சொந்தக்காரர் இடத்தைவிட்டுத் தன் விருப்பத்தால் வெளியேறிப் பிறர் இடத்தில் காணப்படும் எதுவும் அலையும் கால்நடையே என்று ப்ரூயிட் பழைய சட்டம் ஒன்றை எடுத்துக் காட்டினார். எல்லோருக்கும் பெரிய நிம்மதி. கால்நடைக்குச் சட்டம் உண்டு. பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கவேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட வாசலில் அறிவிக்கவேண்டும். சொந்தக்காரர் வந்து, இது என்னுடையது என்று எல்லோர் முன்பும் சொல்லி ஓட்டிக்கொண்டு போகலாம். ஓராண்டும் ஒரு நாளும் ஆகியும் யாரும் கேட்டு வராவிட்டால், கண்டெடுத்தவருக்குச் சொந்தம். அப்படியாக, வெள்ளிக் கைப்பிடியும் பொன் பூச்சும் கொண்ட வாள், ஜூலை பதினான்காம் தேதி முதல், இரண்டு பன்றிகளோடும் ஆஷ்கமிலிருந்து வழிதவறி வந்த ஒரு கிடேரியோடும் கல் சுவருக்குள் அடைக்கப்பட்டது. அடைபட்ட கால்நடைக்கு நாளுக்கு இருமுறை தண்ணீர் காட்டவேண்டும் என்று சட்டத்தில் இருந்தது. ஓபெட் வாளுக்கும் ஒரு வாளித் தண்ணீர் வைத்தார்.

கேப்டன் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் தீர்ந்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார்.

“யோவ் ப்ரூயிட், நான் பட்டிக்குப் போறேன். என்னோடதுன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது.”

“சொல்லலாம் கேப்டன். சொன்னா, ஹார்ட்ஃபோர்டுல அச்சடிச்ச பேச்சு என்னாகும்? ‘என்னுடையதன்று’ன்னு கறுப்பு மையில இருக்கு. ஒண்ணு அன்னிக்குப் பொய் சொன்னீங்க, இல்ல இன்னிக்குப் பொய் சொல்றீங்க.”

“அந்த வரிய அடிச்சுடு.”

“எந்த வரிய? அந்த வரிக்கு மூணு ஊர்ல அழுதிருக்காங்க. கை வேணும்னா கேளுங்க, வெட்டித் தர்றேன். வரியத் தரமாட்டேன்.”

ஆகவே மூன்று ஞாயிற்றுக்கிழமையும் ஓபெட் ஜெபக்கூட வாசலில் நின்று, படிவத்தில் இருந்தபடியே உரக்க அறிவித்தார்: அலைந்து திரிந்த வாள் ஒன்று, ஆண், நிறம் வெள்ளையும் நீலமும், காதில் வெட்டுக்குறி இல்லை, தலை கோழி போன்றது, குணம் சாது, சொந்தக்காரர் யாராயினும் வந்து சொல்லலாம். கேப்டன் முன்வரிசையில் உட்கார்ந்து சங்கீதப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

பட்டிச் சுவர் மார்பளவுதான். வாள் தினமும் காலையில் சுவரைத் தாண்டிக் கயிற்றுக்காரர் சந்துக்குப் போகும். ஓபெட் தினமும் போய் அதைத் திருப்பிக் கொண்டுவருவார். கெசாயா அவருக்குச் சோள ரொட்டியும் பாகும் கொடுப்பார். நாளடைவில் ஓபெட் கொஞ்சம் பெருத்துவிட்டார்.

“இந்த ஊரு முழுக்க இந்த வாளுக்கு ஆசப்படுது, நீங்க ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்கறீங்களேம்மா.”

“எனக்கு எதுக்குத் தம்பி வாளு? முட்டைக்கோஸ் நறுக்கவா? எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வருஷா வருஷம் ஜூலை நாலாம் தேதி பேரு வாசிக்கப் போறாங்கல்ல, ஏழு பேருன்னு. அது ஏழு இல்ல, எட்டு. எட்டுன்னு எழுதி, அவரு பேரச் சத்தமா வாசிக்கட்டும். அப்புறம் இந்த வாள அவங்க எந்தத் தொழுவத்துல கட்டினா எனக்கென்ன.”

“நான் வேணா எழுத்தர்கிட்ட...”

“நீ பன்றி புடிக்கறவன். உன் பேச்ச யாரு கேப்பா? ரொட்டியத் தின்னு.”

கமிட்டி வேறொரு வழி கண்டது. வாள் எளியவனைத் தேடிப் போகிறது. சரி, உயிரோடு இருக்கும் மாலுமிகளில் ஒருவரை எளியவர் என்று அறிவித்துவிட்டால் அது அவர் வீட்டுக்குப் போய்விடும், அவர் அதைக் கேப்டனிடம் கொடுத்துவிடுவார். பதினான்கு பேரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஒவ்வொருவரும் தன்னைவிட மற்றவர்தான் எளியவர் என்று சொன்னதில் கைகலப்பு ஏற்பட்டு ஒருவருக்குப் பல் போயிற்று. கடைசியில் லெமுவெல் காண்ட் என்பவர் ஒன்பதுக்கு ஐந்து என்ற வாக்கில் எளியவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்று மாலைக்குள் அவர் புதுத் தொப்பிக்கு அளவு கொடுத்துவிட்டார். ஜெபக்கூட வரிசையில் தமக்கு முன்னிடம் வேண்டும் என்று கேட்டுவிட்டார். பக்கத்து வீட்டாரோடு பேசுவதையும் நிறுத்திவிட்டார். வாள் அவர் வாசல் வழியாகத்தான் போனது, நிற்கவில்லை.

இதற்குள் மற்ற வெள்ளிச் சாமான்களுக்கும் காது கேட்கத் தொடங்கியிருந்தது. ப்ரூயிட்டின் பேச்சுத் திறமைக்காக ஊரார் அவருக்கு ஒரு வெள்ளிக் கூஜா கொடுத்தார்கள். அவர் எழுந்து நின்று, இந்தப் பெருமை வருங்காலத் தலைமுறைக்கே உரியது என்றார். கூஜா அந்த இடத்திலேயே, உள்ளே இருந்த ஆப்பிள் மதுவோடு காணாமல் போயிற்று. இன்னும் வந்து சேரவில்லை. நாங்கள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இதற்கு நான் அருகதையற்றவன் என்று சொல்லிக் கோப்பை வாங்கிய சபை மூப்பர் அதில் எதை ஊற்றினாலும் அது உதட்டருகே வரும்போது பின்வாங்கிக்கொண்டது. ஆட்கள் பேசப் பயந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் நடந்த ஒரு பரிசளிப்பில் பெறுபவர் கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை. எல்லோரும் அதை உணர்ச்சிப் பெருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

வசந்தகாலத்தில் கமிட்டி கெசாயாவின் வீட்டுக்கு வந்தது. கண்டெடுத்தவர் என்ற உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், ஜெபக்கூடத்தில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய மாடியில் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கீழே, கணப்புக்குப் பக்கத்தில், நிரந்தர இடம் தருவதாகச் சொன்னார்கள். ப்ரூயிட் இதைச் சொல்லி முடிக்கும்வரை கெசாயா துணி பிழிந்துகொண்டே இருந்தார்.

“கையெழுத்துப் போடறேன் வக்கீலய்யா. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்குக் கப்பல்ல எத்தன பேரு செத்தாங்க?”

“ஏழு பேரு.”

“அப்போ மாடியிலயே நல்லாத்தான் இருக்கு. அங்கேருந்து உங்க எல்லாரோட வழுக்கையும் தெரியுது.”

ஆயிரத்து எண்ணூற்றுப் பதினாறாம் ஆண்டு ஜூன் மாதத்தில் பனி விழுந்தது. சோளப்பயிர் கருகியது, பறவைகள் செத்து விழுந்தன. சூரியனை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. இதைப் பற்றிப் பிற ஊர்க்காரர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். எங்களுக்கு அப்போது வாள் வேலை இருந்ததால் அதிகம் கவனிக்கவில்லை. ஜூலை நான்காம் தேதி ஏழு பெயர்கள் வாசிக்கப்பட்டன. வாள் முதன்முதலில் கெசாயா வாசலில் காணப்பட்டதிலிருந்து ஓராண்டும் ஒரு நாளும் முடியும் நாள் ஆறாம் தேதி. அன்று காலை கம்பளி போர்த்திக்கொண்டு ஊர் முழுவதும் பட்டியைச் சுற்றி நின்றது. எழுத்தர் அலையும் கால்நடைப் பதிவேட்டோடும் உறைந்துபோன மையோடும் வந்திருந்தார். வாள் அன்று மட்டும் எங்கும் போகாமல் தண்ணீர் வாளியின் மேல் அசையாமல் நின்றது.

சட்டப்படி ஓபெட் மூன்று முறை கேட்கவேண்டும். “இது யாருடையது?” என்று முதல்முறை கேட்டார். கேப்டன் முன்னே வந்தார். ஒரு வருடத்தில் மிகவும் இளைத்திருந்தார். ப்ரூயிட் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. அடக்கத்துக்கும் பங்கமில்லாமல் வாளும் கைவிட்டுப் போகாமல் இருக்க, முப்பத்தொரு சொற்களில் மிகச் சாமர்த்தியமாக எழுதப்பட்டிருந்தது. கேப்டன் தாளைப் பார்த்தார். வாசிக்கவில்லை. ஓபெட் இரண்டாம் முறை கேட்டார். கேப்டன் தாளை மடித்துக்கொண்டு கெசாயாவின் பக்கம் திரும்பினார்.

“கெசாயா, அந்தத் துணி எங்க இருந்துச்சு?”

யாருக்கும் புரியவில்லை. கெசாயாவுக்குப் புரிந்தது. கேப்டன் எங்கள் பக்கம் திரும்பி, பீரங்கிச் சத்தத்தைவிடத் தாழ்ந்த குரலில் ஒருபோதும் பேசியிராத அவர், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார். கூட்டம் நெருங்கி வந்து கேட்டது.

“மூடுபனி விலகி ரெண்டு படகும் தெரிஞ்சப்போ நான் சரணடையலாம்னு முடிவு பண்ணிட்டேன். எண்பது பேரு வந்திருந்தானுங்க, என்கூட இருபத்தி ரெண்டு பேரு. வெள்ளக்கொடி இல்ல. என் அறையில இருக்கற மேசை விரிப்ப எடுத்துட்டு வாடான்னு ப்ரைமஸ அனுப்பினேன். வந்து, காணோம் கேப்டன்னான். திரும்பவும் அனுப்பினேன். காணோம் கேப்டன். மூணாவது தடவ நானே கீழ போய் எல்லாப் பெட்டியையும் கவுத்துக் கொட்டித் தேடினேன். நான் தேடிக்கிட்டிருந்தப்பதான் மேல சண்ட நடந்துச்சு. மேல வந்தப்ப ஜெயிச்சிருந்தோம். அவன் ரெண்டாவது பீரங்கிக்குப் பக்கத்துல கெடந்தான். உங்களுக்கெல்லாம் தெரியணும். ஒரு துணி கிடைக்காததாலதான் ஜெயிச்சோம்.”

உயிர்பிழைத்த பதினான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இதெல்லாம் முன்பே தெரியும் என்று அப்போது புரிந்தது.

கெசாயா சொன்னார்: “சட்டைக்குள்ள, வயித்தச் சுத்திக் கட்டியிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து அவுத்தப்பதான் பாத்தேன். பத்து வருஷம் நானே வெளுத்த துணி, எனக்குத் தெரியாதா? அதுலயே சுத்திப் பொதச்சேன். நீங்க எப்பவாவது கேப்பீங்கன்னு இருந்தேன்.”

“கேக்க வெக்கமா இருந்துச்சு.”

“அது சரி. அவரு பொறந்தப்ப சரணடஞ்ச நெலமையிலதான் பொறந்தார். ஒருதடவ போதும்னு நெனச்சிருப்பார்.”

அங்கே நின்ற ஏழு விதவைகளும், நான் உட்பட, அந்த நிமிடத்தில் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம். மற்றவர்கள் பிறகு என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். அந்த விரிப்பு கிடைத்திருந்தால் எல்னாதன் சில மாதம் ஆங்கிலேயர் சிறையில் பேன் பிடித்து இருந்துவிட்டு, சமாதானம் ஆனதும் வீட்டுக்கு வந்திருப்பார். யார் முதலில் ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று எல்லோரும் எங்கள் ஏழு பேரையும் பார்த்தார்கள். என் பக்கத்தில் நின்ற கிழவி, ஒரே மகனையும் மருமகனையும் பறிகொடுத்தவள், நீளமாக மூக்கைச் சிந்திவிட்டு எழுத்தரைப் பார்த்து, “ஏன்யா மை ஒறஞ்சு போச்சா? எட்டுன்னு எழுதத் தெரியாதா உனக்கு?” என்று கத்தினாள்.

எழுத்தர் மைக்கூட்டை அக்குளில் வைத்துச் சூடாக்கி எழுதினார். அலையும் கால்நடைப் பதிவேட்டில்தான் எழுதினார், வேறு ஏடு கையில் இல்லை. இன்றும் அந்தப் பெயர் அங்கேதான் இருக்கிறது, இரண்டு பன்றிகளுக்குக் கீழே: ‘பொறுமை’ கப்பலில் இறந்தவர்கள் எட்டு. எட்டாமவர் ப்ரைமஸ் லாட்டிமர், சமையல்காரர். எழுதியதை எழுந்து நின்று உரக்க வாசிக்கவேண்டும் என்று கெசாயா சொன்னார். வாசித்தார். இன்னொருமுறை என்றார். இன்னொருமுறையும் வாசித்தார்.

ஓபெட் மூன்றாம் முறை கேட்டார். “இது யாருடையது?”

“என்னோடது இல்ல” என்றார் கேப்டன். சென்ற வருடம் சொன்ன அதே சொற்கள்தான். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

வாள் கண்டெடுத்தவருக்கு ஆயிற்று. பெற்றுக்கொள்பவர் பேசவேண்டும் என்ற முறையை ப்ரூயிட் அந்த நேரத்திலும் விடவில்லை. இது என்னுடையதன்று, நம் தேசத்தினுடையது என்று அழகாக முடியும் ஒரு பேச்சைக் கையோடு எழுதி வந்திருந்தார். அதைச் சொல்லியிருந்தால் வாள் வாஷிங்டன் வரை போயிருக்கும். கெசாயா தாளை வாங்கி, எழுத்தில்லாத பக்கம் நல்ல பக்கம் என்று பார்த்து, மடித்து மேலங்கிக்குள் வைத்துக்கொண்டார். வாளைப் பார்த்தார். இனி என்ன சொன்னாலும் அது அப்படியே நடக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது.

“இது ப்ரைமஸோடது” என்றார்.

வாள் சுவரைத் தாண்டியது. முழங்கால் உயரத்தில், சாலையின் இடது ஓரமாக, மேட்டுக்கு ஏறியது. ஊர் முழுவதும் பின்னால் போனோம். இடுகாட்டு வாசலில் யாரோ திறக்கும்வரை காத்திருந்து, உள்ளே போய், முன்வரிசையில் நகரத்தார் செலவில் நிறுத்தியிருந்த ஏழு பளிங்குக் கற்களையும் கடந்து, கல் இல்லாதவர்களைப் புதைக்கும் வடக்கு மூலையில், வேலியோரம், ஒரு மண்மேட்டின் தலைமாட்டில் செங்குத்தாக இறங்கி நின்றது. அது எவருடைய மேடு என்று எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

இடுகாட்டில் கல்லைத் தவிர வேறு எதையும் நிறுத்தக்கூடாது என்று விதி இருந்தது. கமிட்டி கூடி, மேற்படி வாள் கல் என்று கொள்ளப்படும் எனத் தீர்மானித்தது. கேப்டன் வாட்லோ அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். ஒவ்வொரு ஜூலை நான்காம் தேதியும் எட்டுப் பெயர்கள் வாசித்து முடியும்வரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அவருக்கு மறுபடி யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அவர் முகம் அதனால் தெளிவாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் வெள்ளிச் சாமான் பரிசாகப் பெறுபவர்கள் இப்போது நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வாங்கி அக்குளில் வைத்துக்கொள்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் எங்களை நாகரிகம் தெரியாதவர்கள் என்கிறார்கள். கெசாயா ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்றாம் ஆண்டில் இறந்தார். வாளின் இடப்பக்கத்தில் படுத்திருக்கிறார். வாள் அதற்குப் பிறகு நகர்ந்ததில்லை. வேலி தாண்டி வரும் பசுக்கள் அதன் கைப்பிடியில் முதுகைச் சொறிந்துகொள்கின்றன. கடற்கரை உப்புக்காற்றில் வெள்ளி கறுக்கும், கறுக்கிறது. சனிக்கிழமைகளில் யாராவது அடுப்புச் சாம்பலும் கந்தையும் எடுத்துப் போய்த் தேய்த்துவிட்டு வருவார்கள். என் முறை வரும்போது நானும் போகிறேன். எல்னாதனின் கல் வழியில்தான் இருக்கிறது.